படித்துறையில் கன்னடம் பேசினோம்

பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று தசரா விடுமுறை. இன்னொன்று ஆடிப் பதினெட்டு.

தசராவுக்குப் போவது சுற்றிப் பார்க்க. கோட்டை மதில், சுல்தான்களின் சமாதியான கும்பஸ், சுவரெல்லாம் போர்க்களம் தீட்டிய கோடை அரண்மனை, சங்கமத்தில் பரிசல். ஆடிப் பதினெட்டுக்குப் போவது அம்மாவுக்காக. அம்மா குளித்தலைக்காரி. காவிரியில் கால் நனைக்காத ஆடிப்பெருக்கு அவளுக்கு ஆடிப்பெருக்கே இல்லை. குளித்தலை வரை போய்வர அப்பாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்காது. மூன்று மணி நேர பஸ் பயணத்தில் அதே ஆறு கிடைக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் என்பார். இங்கே விடுகிற வெற்றிலை பத்து நாளில் தன் ஊருக்குப் போய்விடும் என்று அம்மாவும் சமாதானம் செய்துகொள்வாள். நடுவே இருக்கும் அணைகளைப் பற்றி நான் ஒருமுறை சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு ஆடியைப் பற்றி. மழை பொய்த்த வருடம். அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்தது. ஓசூருக்கு அப்பால் ஒரு ஊரில் கொடுத்திருந்தோம். தலை ஆடிக்கு வழக்கப்படி அவளை லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஆடி முடிந்ததும் அவள் திரும்பிப் போக வேண்டும். போவாளா என்பது, நாங்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் கிளம்பிய காலையில், அவளைத் தவிர வேறு யாருக்கும் ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் அப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் எது எங்கே உடையும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து, சரி அல்லது தவறு என்று குறிப்பது என் வேலை. பட்டியல் போடும் பழக்கம் வேலைக்கு முன்பே என்னிடம் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணப் பயணங்களுக்குத் தனி நோட்டு வைத்திருந்தேன். அந்த வருடப் பக்கம் இப்போதும் இருக்கிறது: மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, காதோலை கருகமணி, காப்பரிசிக்கு ஊறவைத்த அரிசி, வெல்லம், தேங்காய், புதுத் தாலிக்கயிறு (இரண்டு, ஒன்று அறுந்தால்), புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை, மாற்றுத் துணி, தரையில் விரிக்கப் போர்வை, கல்யாண மாலை.

கல்யாண மாலைதான் முக்கியம். கல்யாணத்தில் மாற்றிக்கொண்ட மாலைகளை வாடினாலும் எறியாமல் வைத்திருந்து, தலை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது அம்மா பக்கத்து வழக்கம். அன்றைக்கே பெண்ணின் தாலிக்கயிற்றையும் புதிதாக மாற்றுவார்கள். ஆடி அழைப்புக்கு நாங்கள் போனபோது மாலையை எடுத்துவரும்படி அம்மா இரண்டு தடவை அக்காவிடம் சொன்னாள். அக்கா செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள், "மாலை வச்சாச்சா?" என்று கேட்டேன். "வச்சாச்சு" என்றாள். பொட்டலம் பையில் இருந்தது. நான் குறி போட்டுவிட்டேன்.

அவள் வந்த பதினேழு நாட்களில் இன்னும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அக்கா வீட்டில் தங்கவேயில்லை. ஒரு எலுமிச்சம்பழம் வாங்கக் காக்ஸ் டவுன் மார்க்கெட் வரை நடந்து போவாள். வந்ததும், கொத்தமல்லி மறந்துவிட்டேன் என்று மறுபடி போவாள். அரை நாளில் மூன்று தடவை செருப்பு மாட்டுவாள். புதுப்பெண் இப்படித் தெருத்தெருவாகத் திரிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அம்மா சலித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு வீட்டில் பொழுது போகவில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏறுமுன் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் வைத்து அப்பா வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். "வெளிய கன்னடத்துலயே பேசுங்க. மெதுவா பேசுங்க."

அது எங்கள் வீட்டுச் சட்டம். 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக ஊரில் கலவரம் நடந்தபோது நான் ஏழாம் வகுப்பு, அக்கா ஒன்பதாம் வகுப்பு. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆண்ட்டி எங்கள் வாசற்கதவை வெளியே பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டில் யாரும் இல்லை என்று வருகிறவர்கள் நினைக்க வேண்டும். பின் ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தாள். அப்படி நாலு நாள். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா வாசற்படியில் எழுதியிருந்த தமிழ்ப் பெயரை அழித்துவிட்டார், பஸ்ஸிலும் கடையிலும் கன்னடம்தான் என்று வைத்துவிட்டார். எனக்கும் அக்காவுக்கும் அது சிரமமே இல்லை. அம்மாதான் காய்கறி வாங்கும் கன்னடத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவாள். அக்கா கல்யாண வருடத்தில் மறுபடி தண்ணீர்ப் பேச்சு சூடாகியிருந்தது. மண்டியா பக்கம் சாலை மறியல் வரலாம் என்று பேசிக்கொண்டார்கள். இந்தத் தடவை வேண்டாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். தலை ஆடியை எப்படி விடுவது என்று அம்மா கேட்டதும் அடங்கிவிட்டார்.

வழியில் மறியல் எதுவும் இல்லை. பத்து மணிக்கெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கினோம். கோயிலில் கூட்டம் குறைவு. படித்துறைக்குப் போனால் ஆறு கீழே எங்கோ கிடந்தது. வழக்கமாக நீரில் மூழ்கியிருக்கும் படிகள் பாசி காய்ந்து வெளியே நின்றன. பாறைகளுக்கு நடுவே கணுக்கால் அளவுக்கு ஓடியது. அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைசிப் படிக்கு மேல் படியில் போர்வையை விரித்தாள்.

எங்களைச் சுற்றி வேறு சிலரும் இருந்தார்கள். இடது பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், பெரிய குங்குமப் பொட்டு, புடவைகளை அலசிக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் ஒரு குழந்தைக்கு மொட்டையடித்துத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். அப்பா பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார்.

அம்மா மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தாள். அக்காவைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள். கயிறு மாற்றுவதில் ஒரு வரிசை உண்டு. மஞ்சள் துண்டு கட்டிய புதுக்கயிறு முதலில் கழுத்தில் ஏற வேண்டும், பிறகுதான் பழையது இறங்க வேண்டும். ஒரு நொடிகூடக் கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது. அம்மா அப்படியே செய்தாள். பழைய கயிற்றை அவிழ்த்து, தாலியையும் இரண்டு குண்டுகளையும் உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இனி அவற்றைப் புதுக்கயிற்றில் கோக்க வேண்டும். அதற்கு முன் மாலையை ஆற்றில் விட்டுவிடலாம் என்று என்னிடம் கை காட்டினாள்.

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். செய்தித்தாளுக்குள் செய்தித்தாள். அதற்குள் கசக்கிய செய்தித்தாள். கடைசி வரை அதுதான்.

வேறெங்கோ வைத்துவிட்டாயா என்று நான் கன்னடத்தில் கேட்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மாலையைப் போன மாதமே குப்பை லாரியில் போட்டுவிட்டதாகக் கன்னடத்திலேயே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு அம்மாவிடம் சொன்னாள்:

"நானு வாபஸ் ஹோகல்லாம்மா."

திரும்பிப் போகமாட்டேன் என்று. பஸ்ஸில் ஜன்னலை மூடச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக.

அம்மாவுக்கு ஒரு சொல்தான் வந்தது. "யாக்கே?" ஏன்?

அக்கா சொன்னாள். காலை ஒன்பது மணிக்குக் கணவர் தொழிற்சாலைக்கும் மாமியார் கடைக்கும் கிளம்புவார்கள். கிளம்பும்போது வெளியே பூட்டுப் போடுவார்கள். சாயங்காலம் ஆறரைக்குத் திறப்பார்கள். இரண்டு சாவி. ஆளுக்கொன்று அவர்களிடம். கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து ஞாயிறு தவிர எல்லா நாளும். ஒருநாள் அடுப்பில் துணி பற்றிக்கொண்டது. அவளே அணைத்தாள். அன்று சாயங்காலம் சாவி கேட்டதற்கு, அடுப்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எனக்கு அந்தப் பூட்டு நினைவிருந்தது. ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் அங்கே போனபோது வாசற்கதவின் வெளிக் கொண்டியில் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. நன்றாக எண்ணெய் விட்ட, கனமான பூட்டு. பத்திரமான வீடு என்று நினைத்தேன்.

அம்மா தடுமாறினாள். ஊர் புதிது, பெண் புதிது, பாதுகாப்புக்காகச் செய்திருப்பார்கள் என்று அவளுடைய கன்னடத்தில் சொல்லப் பார்த்தாள். பாதுகாப்புக்குச் சொல் கிடைக்காமல் போலீஸ் என்று சொல்லிவிட்டாள்.

அப்போது அக்கா தண்ணீரில் நின்ற அப்பாவைப் பார்த்துப் பேசினாள். கலவரம் நடந்த வருடம் ஆண்ட்டி நம்மை நாலு நாள் பூட்டி வைத்தாள், நம் உயிருக்காகப் பூட்டினாள். ஆனாலும் இரண்டாம் நாளே நீங்கள் கதவருகில் போய்ப் போய் நின்றீர்கள். கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏழு வாரம் அப்பா.

துணி அடிக்கும் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நாங்கள் தமிழர்கள் என்று தெரியக்கூடாது என்பதற்காகக் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அதனால் அந்தப் படித்துறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் வீட்டு விஷயம் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டிருந்தது. தமிழில் பேசியிருந்தால் அத்தனை பேரில் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. பத்து வருடப் பழக்கம். எங்கள் நாலு பேரில் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை.

குங்குமப் பொட்டு அம்மாள் ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி எங்கள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்:

"பீக ஹாக்கோக்கே அவளேனு பீரோனா?"

பூட்டி வைக்க அவளென்ன பீரோவா? குழந்தையோடு இருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அம்மாவின் முகம் சிவந்துபோனது. அந்த அம்மாள் விடவில்லை. எந்த ஊர் என்று அப்பாவிடம் கேட்டாள். பெங்களூர் என்றார். விரிப்பில் இருந்த காப்பரிசியையும் காதோலை கருகமணியையும் பார்த்தாள். நாங்கள் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் மூடிய கையைக் காட்டி, தங்கம் ஊசிப்போகாது, இன்றைக்கே கோத்தாக வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி துணி துவைக்கத் திரும்பினாள்.

அம்மா கோக்கவில்லை. கோக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாலியையும் குண்டுகளையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். அக்கா கழுத்தில் வெறும் மஞ்சள் துண்டோடு கயிறு இருந்தது. வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி ஆற்றில் விட்டோம். அது இரண்டடி போய்ப் பாறையில் தட்டி நின்றது. அப்பா ஒரு குச்சியால் தள்ளிவிட்டார். மறுபடி நின்றது. மறுபடி தள்ளினார்.

பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். கோடை அரண்மனைக்குப் போனோம். என் நோட்டில் அடுத்ததாக அது இருந்தது. வேறு எதையும் யாரும் சொல்லாததால் அதையே செய்தோம். ஒரு குதிரைவண்டியில் நாலு பேரும் ஏறிக்கொண்டோம். சீட்டு வாங்கி உள்ளே போய்ச் சுவரில் வரிசை வரிசையாக நின்ற குதிரைகளையும் பல்லக்குகளையும் பார்த்தோம். அப்பா ஒவ்வொரு பலகையையும் முழுதாகப் படித்தார். அம்மா ஒரு தூணருகே முந்தானை முடிச்சைப் பிடித்தபடி நின்றாள்.

தோட்டத்தில் ஒரு மரத்தடியில் நானும் அக்காவும் மட்டும் உட்கார்ந்தோம். சாதப் பொட்டலங்களை யாரும் பிரிக்கவில்லை. அங்கே பக்கத்தில் ஆள் இல்லை. தமிழில் கேட்டேன்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல? தினம் நாலு மணிக்கு ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணேனே."

"நீ என்ன கேப்பே? சாப்டியா, தூங்கினியா, மாமியார் நல்லா பேசறாங்களா, அவரு எப்ப வருவாரு. வரிசையா கேட்டுட்டு வச்சுடுவே."

"நீ எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னுதானே சொன்னே?"

"நீ கேட்டதெல்லாம் நல்லாத்தான்டி இருந்துச்சு."

அவள் ஒவ்வொரு நாளும் முதல் மணியிலேயே போனை எடுத்தாள். அதையும் நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த பிறகு வீட்டில் பதின்மூன்று நாட்கள் ஓடின. அம்மா சொன்னதையே வெவ்வேறு விதமாகச் சொன்னாள். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. பூட்டு ஒரு குறையா, கொஞ்ச நாளில் பழகினால் அவர்களே சாவி தருவார்கள். அவளுக்கு உண்மையான கோபம் வேறொன்றின் மேல்தான் என்பது ஒருநாள் காய் நறுக்கும்போது வெளியே வந்தது. "தமிழ்ல சொல்லித் தொலைச்சிருந்தா நமக்குள்ளயே போயிருக்கும்" என்றாள். "ஆத்தங்கரையில ஊரே சிரிச்சுது."

அம்மா சொன்னது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். வீட்டில், தமிழில், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருந்தால் அது நமக்குள்ளேயே போயிருக்கும். அம்மா அழுதிருப்பாள், அப்பா கேட்டுக்கொண்டிருப்பார், நான் இரண்டு பக்கமும் நியாயங்களை எழுதிப் பார்த்திருப்பேன், ஆவணி முதல் வாரத்தில் அக்கா பெட்டியோடு ஓசூர் பஸ் ஏறியிருப்பாள். அதை நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆடி முடிந்து முதல் ஞாயிறு அக்கா கணவர் அழைத்துப் போக வந்தார். மல்லிகைப்பூவும் ஒரு கிலோ மைசூர்பாகும் கொண்டுவந்திருந்தார். அமைதியானவர், தலையைக் குனிந்தே பேசுவார். அம்மா காபி கொடுத்தாள். அக்கா சமையலறையில் நின்றாள். பதின்மூன்று நாளும் வாய் திறக்காத அப்பா, காபி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து கேட்டார்.

"மாப்பிள்ளை, ஒரு சாவி அவகிட்ட இருக்கட்டும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

"அம்மாவக் கேட்டுச் சொல்றேன் மாமா."

"அம்மாவ கேக்க வேணாம். நீங்க சொல்லுங்க."

அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அது சரிப்படாது மாமா. அம்மா சங்கடப்படுவாங்க."

"அப்ப அவ இங்க இருக்கட்டும்" என்றார் அப்பா.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. அக்கா கணவர் எழுந்து, சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, படியிறங்கிப் போனார். கோபமாகக்கூடப் போகவில்லை.

அக்கா அதே இடத்தில் நின்றிருந்தாள். பாத்திரம் தேய்க்கும் நாரைக் கையில் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "போய்ட்டாரா?" என்று கேட்டாள்.

எங்கள் வீடு முதல் மாடியில். நான் முன்பக்கத்துக் கைப்பிடிச் சுவருக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். மெஜஸ்டிக் பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவர் ஏறவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்தபடி நின்றார். இன்னொரு பஸ் வந்தது. அதிலும் ஏறவில்லை. அவர் மெலிந்த ஆள். தூரத்திலிருந்து பார்க்க இன்னும் சிறியவராகத் தெரிந்தார். அக்கா அந்த நேரத்தில் இறங்கிப் போய் அவரிடம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சாவி கிடைத்திருக்கலாம். கிடைக்காமலே அவள் கூடப் போயிருக்கவும் கூடும். அவள் இளகிய மனசுக்காரி.

"போய்ட்டாரா?" என்று உள்ளேயிருந்து மறுபடி குரல் வந்தது.

"போய்ட்டாரு" என்றேன்.

மூன்றாவது பஸ்ஸில்தான் அவர் ஏறினார். நான் அதுவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அக்காவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.